137 படிகளும் ஒரு கறுப்புப் பூசையும்

முதல் நாள்

அக்கா மகள் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். கார் ஜெர்சி சிட்டி போய்ச் சேர்வதற்குள் என் ஐந்து நாளுக்கும் திட்டம் போட்டுவிட்டாள். சுதந்திர தேவி சிலைக்கு ஒரு நாள், டைம்ஸ் சதுக்கத்துக்கு ஒரு மாலை, மீதியெல்லாம் கடைகள். “நீங்கள் ஏதாவது பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறீர்களா, சித்தி?” என்று கேட்டாள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். 1965 மே 9, மூன்றரை மணி, நியூயார்க்கின் கார்னகி ஹால் இசை மண்டபம்.

கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். பயணக் களைப்பு என்று நினைத்திருப்பாள்.

பியானோ மேதை விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1953-இல் மேடையை விட்டு இறங்கியவர். வயது ஐம்பதுகூட ஆகவில்லை, கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, மனம்தான் மறுத்துவிட்டது. வீட்டுக்குள் வாசித்தார், சில இசைத்தட்டுகளும் பதிந்தார், ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு கூட்டத்தின் முன் உட்காரவில்லை. திரும்பி வந்த அந்த மதியத்துக்கு அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்ஸாண்டர் ஸ்க்ரியாபின் பியானோவுக்காக எழுதிய ஒன்பதாவது ஸொனாட்டா. ‘கறுப்புப் பூசை’, அதாவது சாத்தானுக்கு நடத்தும் பூசை, என்று பட்டப்பெயர் பெற்றது. ஏறக்குறைய எட்டு நிமிடம்.

அந்த எட்டு நிமிடத்தை முதலில் ஒரு கேசட்டில் கேட்டேன். நண்பர் ஒருவர் பதிந்து கொடுத்தது, எண்பதுகளின் நடுவில். வீணையைத் தவிர வேறு வாத்தியத்தை மதிக்காத காலம் அது. கேட்டு முடித்ததும் பயந்துபோய் டேப் ரெக்கார்டரை அணைத்தேன். பயம் என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. மாலை விளக்கு வைக்கும் நேரம், வீட்டில் யாரும் இல்லை, எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன்.

இரண்டாம் நாள்

சுதந்திர தேவிக்கு முன்னுரிமை கொடுக்காததில் அக்கா மகளுக்கு வருத்தம். ஜர்னல் ஸ்கொயரில் ரயில் ஏற்றிவிட்டு, எங்கே இறங்க வேண்டும், எங்கே மாற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல.

லிங்கன் சென்டரில் நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்து கலைகளுக்கான கிளை இருக்கிறது. ஸ்க்ரியாபின் ஸொனாட்டாக்களின் இசைத்தாள் புத்தகத்தை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு, இயர்போனில் 1965-ஐ ஓடவிட்டுக் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஐரோப்பிய நோட்டேஷன் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். பத்து முறை கேட்டால் ஒரு பக்கம் புரியும். அன்று எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை.

ஒன்பதாவது ஸொனாட்டா 1913-இல் முடிந்தது, ஓப்பஸ் 68, அதாவது அவருடைய படைப்பு வரிசையில் 68-ஆம் எண். ஒரே மூச்சாக ஓடும் ஒற்றைப் பகுதி. முகப்பில் சுருதிக்குறி எதுவும் இல்லை; எந்த ஸ்வரத்தில் காலூன்றி நிற்கிறோம் என்று கடைசிவரை சொல்லமாட்டேன் என்பதற்கான அறிவிப்பு அது. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது எவ்வளவு பெரிய துரோகம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஆதார ஸட்ஜம் என்று ஒன்று பின்னால் இருக்கும், எங்கே அலைந்தாலும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதுதானே நமக்கு இசை? இங்கே வீடே இல்லை.

தொடக்கத்தில் இரண்டு குரல்கள். ஒன்று அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்குகிறது. இன்னொன்று சற்றுத் தள்ளி அதையே சொல்லிக்கொண்டு பின்னால் வருகிறது. ‘பழங்கதை போல’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறார் ஸ்க்ரியாபின். கொஞ்சம் போனதும் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் ஒரு சிறு துணுக்கு வரும். அதற்கு ‘மர்மமாக முணுமுணுத்து’ என்று குறிப்பு. அப்புறம் மெல்லிய இரண்டாவது மெட்டு, ‘அரும்பும் சோர்வுடன்’. பக்கங்கள் புரளப் புரள அந்த மெட்டின் மேலேயே இப்படி ஒரு வரி: ‘மேலும் மேலும் வருடுகிற, நஞ்சேறிய இனிமையுடன்’.

இதை வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நஞ்சேறிய இனிமையை எந்த விரலால் வாசிப்பது? நம் ஊரில் ஒரு வாக்கேயக்காரர் கிருதியின் ஓரத்தில் இப்படி எழுதி வைத்திருந்தால் சீடப்பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்?

ஹோரோவிட்ஸ் என்ன செய்கிறார் என்பதைத்தான் இத்தனை தூரம் வந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் நஞ்சைச் சேர்ப்பதே இல்லை. இரண்டாவது மெட்டை முதன்முறை வாசிக்கும்போது, வெறுமனே ஒரு பாட்டைப் பாடுவதுபோலத்தான் வாசிக்கிறார். மேலே இருக்கும் ஸ்வரம் தனியாக ஒளிர்கிறது. கீழே இடது கை என்னவோ செய்துகொண்டிருக்கிறது, அது நமக்கு வேண்டாம் என்பதுபோல. கேட்பவர் அந்த மெட்டை நம்பிவிடுகிறார். நம்பவைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறார். ட்ரில் என்று சொல்லும் அந்த நடுக்கம், நம் கம்பிதம் போல, ஒவ்வொரு முறை வரும்போதும் முன்பைவிட நெருக்கமாகிறது. முணுமுணுத்த துணுக்கு இப்போது கதவைத் தட்டுகிறது. வேகம் ஏறுவது தெரியவில்லை, மூச்சு வாங்குவதுதான் தெரிகிறது. பிறகு ‘அணிவகுப்புப் போல’ என்று குறித்த இடம் வருகிறது. அங்கே அணிவகுத்து வருவது யார் என்று பார்த்தால், நாம் நம்பிய அதே இரண்டாவது மெட்டு.

தூளி ஆட்டும்போது பாடிய நீலாம்பரியை, ஒரு ஸ்வரம்கூட மாற்றாமல், தெருவில் பறையடித்துக்கொண்டு ஒரு கூட்டம் பாடி வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. கேசட்டில் அன்று என்னைக் கதவைத் தாழிட வைத்தது இந்த இடம்தான் என்பது நேற்றுவரை எனக்கே தெரியாது. சத்தம்தான் பயமுறுத்தியது என்று நினைத்திருந்தேன். ஹோரோவிட்ஸின் இடது கைச் சத்தம் உலகப் பிரசித்தம். அதில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. தெரிந்த முகம் வேறாகி வந்து நிற்பதுதான் பயம்.

‘கறுப்புப் பூசை’ என்ற பெயரை ஸ்க்ரியாபின் வைக்கவில்லை. பொத்கயெட்ஸ்கி என்ற நண்பர் சொன்ன பெயர் ஒட்டிக்கொண்டது. ஏழாவது ஸொனாட்டாவைத்தான் அவரே ‘வெள்ளைப் பூசை’ என்றார். ஆறாவதைக் கண்டு தானே பயந்து, கடைசிவரை பொதுமேடையில் அதை வாசிக்கவில்லை. எழுதியவரையே பயமுறுத்தும் இசை என்ற விளம்பரம் வேறு யாருக்கும் வாய்த்ததில்லை.

மதியம் நூலக வாசலில் சுண்டல் இல்லை. ஒரு ப்ரெட்சலுக்குக் கொடுத்த விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மூன்றாம் நாள்

மழை. வெளியே போகவில்லை.

பேரன் முறையாகும் பொடியனுக்கு எட்டு வயது. அவனிடம் ஒரு சின்ன கீபோர்டு இருக்கிறது. “பாட்டி, ஒரு பாட்டு வாசியுங்கள்” என்றான். எனக்கு வாசிக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் காட்டினேன். ஸ்க்ரியாபினின் புகழ்பெற்ற மர்ம ஸ்வரக்கூட்டு. ‘ப்ரொமீதியஸ்’ என்ற இசைக்குழுப் படைப்பில், 1910-இல் முழுமையாகப் புழங்கியது. கீழிருந்து மேலாக ஆறு ஸ்வரங்களை அடுக்க வேண்டும்: ஸ, ம, நி, க, த, ரி. மத்திமம் பிரதி, நிஷாதம் கைசிகி, காந்தாரம் அந்தரம், தைவதமும் ரிஷபமும் சதுஸ்ருதி.

இப்போது இவற்றைக் கலைத்து வரிசையாக வாசியுங்கள். ஸ ரி க ம த நி. வாசஸ்பதி, பஞ்சமத்தை எடுத்துவிட்டு!

அறுபத்து நான்காவது மேளத்தை மாஸ்கோவில் ஒருவர் கண்டுபிடித்தார் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அவருக்கு வாசஸ்பதி தெரியாது, நமக்கு அதை அடுக்கி ஒரே சமயத்தில் அழுத்தத் தெரியாது. ஆனால் பஞ்சமத்தை எடுத்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸட்ஜத்துக்குத் துணை நிற்கும் தூண் போய்விடுகிறது. ஆறு பேரும் ஆளுக்கொரு திசையில் மிதக்கிறார்கள். ஒன்பதாவது ஸொனாட்டா இந்தக் கூட்டை அப்படியே பயன்படுத்துவதில்லை, அதற்கு வேறு கசப்புகள் உண்டு. தூண் இல்லாத உணர்வு மட்டும் ஒன்றேதான்.

பொடியன் ஆறு விசைகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, “பேய்ப் படம்” என்றான். விமரிசகர்கள் நூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அதுதான். இரவு ரசமும் அப்பளமும்.

நான்காம் நாள்

வெயில் வந்துவிட்டது. மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கம், 94-ஆம் தெரு, 14-ஆம் எண். ஹோரோவிட்ஸின் வீடு. 1989 நவம்பர் 5 அன்று அவர் இறந்ததும் இங்கேதான். இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள், ஆகவே எதிர்ச்சாரியில் நின்று பார்த்ததோடு சரி. நெட்டையான, ஒல்லியான வீடு. பக்கத்தில் சென்ட்ரல் பார்க். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு மனிதர் இந்த ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஏறக்குறைய இரண்டு மைலில் இருக்கும் மேடைக்குப் போக முடியாமல் இருந்திருக்கிறார்.

சிறுவனாக, பத்துப் பதினொரு வயதில், கீவ் நகரில் ஸ்க்ரியாபின் முன்னால் வாசித்துக் காட்டியதை ஹோரோவிட்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவருடைய சித்தப்பா ஸ்க்ரியாபினின் மாணவர். அவர் மூலம் வந்த வாய்ப்பு. ஸ்க்ரியாபின் அன்று கச்சேரிக்குக் கிளம்பும் அவசரத்தில், நரம்புத் துடிப்போடு இருந்தாராம். பையன் எப்படியும் பியானோ வாசிப்பான், அவனைப் படித்த மனிதனாக வளருங்கள் என்று பெற்றோரிடம் சொன்னாராம். கொஞ்ச நாளில் ஸ்க்ரியாபின் இறந்துவிட்டார். 1915 ஏப்ரல் 27. மேலுதட்டில் வந்த ஒரு கொப்புளம், ரத்தத்தில் நஞ்சு கலந்து, 43 வயதில்.

ஹோரோவிட்ஸ் 1925-இல் ரஷ்யாவை விட்டுக் கிளம்பி, 61 ஆண்டுகள் கழித்து 1986-இல்தான் திரும்பிப் போனார். போனபோது மாஸ்கோவில் ஸ்க்ரியாபின் குடியிருந்த வீட்டுக்கும் போய், அவருடைய மகள் எலெனாவின் முன்னிலையில் அந்தப் பியானோவில் வாசித்தார். அந்த எலெனாவை மணந்தவர்தான் பியானோ கலைஞர் சோஃப்ரோனிட்ஸ்கி. ஸ்க்ரியாபின் என்றால் சோஃப்ரோனிட்ஸ்கிதான், ஹோரோவிட்ஸ் வெறும் வாணவேடிக்கை என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. மருமகனுக்கு மாமனார் சொத்தில் உரிமை இல்லையா என்ன. நான் அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன். சோஃப்ரோனிட்ஸ்கி பூசாரி போல வாசிக்கிறார். அதைக் கேட்டு உருகுகிறேன், ஆனால் கதவைத் தாழிடத் தோன்றவில்லை.

மதியம் இன்னொரு முகவரிக்குப் போனேன். 47-ஆம் தெருவும் எட்டாவது அவென்யூவும் சேரும் முனை. கார்னகி ஹாலிலிருந்து பத்துத் தெரு தெற்கே. எங்கள் அடையாற்றுக்காரர்களுக்கு இது பூர்வீகம். மேடம் பிளவாட்ஸ்கி 1870களில் இங்கேதான் குடியிருந்தார். அவரும் கர்னல் ஆல்காட்டும் மற்றவர்களும் பிரம்மஞான சபையை 1875-இல் இந்த ஊரில் தொடங்கி, 1879-இல் பம்பாய் வந்து, 1882-இல் அடையாற்றில் தோட்டம் வாங்கினார்கள். பெசன்ட் நகரில் ஆல்காட் பள்ளியைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் எதற்கு இங்கே வந்தார் என்று சிறுமியாக இருந்தபோது யோசித்திருக்கிறேன். சபையின் பெரிய ஆலமரத்தடியில் அப்பாவோடு எத்தனை காலைகள்! அதன் தாய்மரம் 1989-இல் புயலில் சாய்ந்தபோது தெருவே துக்கம் கொண்டாடியது.

இந்த முனையில் இன்று டாக்சி ஹாரன்களும் வறுத்த வெங்காய வாசனையும்தான்.

ஸ்க்ரியாபின் 1905-இல் பிளவாட்ஸ்கியைப் பிரெஞ்சில் படித்தார். படித்ததிலிருந்து மனிதர் பழையபடி இல்லை. ‘மிஸ்டீரியம்’ என்று ஒன்றைத் திட்டமிட்டார். இமயமலை அடிவாரத்தில், ஏழு நாள் நடக்கும். மேகங்களிலிருந்து மணிகள் தொங்கும். இசை, நடனம், ஒளி, நறுமணம் எல்லாம் சேரும். முடிவில் இந்த உலகமே கரைந்து வேறொன்றாகும். இதற்காக வெயிலுக்கு ஒரு தொப்பியும் சமஸ்கிருத இலக்கண நூல் ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டார். தொப்பியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் தாங்கமுடியாத பிரியம் வந்துவிடுகிறது. உலகத்தை முடித்துவைக்கப் போகிறவர், முடிக்கும் நாளில் தலையில் வெயில் படக்கூடாது என்று கவலைப்பட்டிருக்கிறார்.

சபை மதிலோரம் வளர்ந்ததாலோ என்னவோ, ஞானப் பேச்சு எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும். ஸ்க்ரியாபினை வாசிக்கும் பலர் கண்ணை மூடிக்கொண்டு புகைபோட ஆரம்பித்துவிடுகிறார்கள். பெடலை அமுக்கிப் பிடித்து எல்லாவற்றையும் ஒரே மூட்டமாக்கினால் அதுதான் மறைபொருள் என்று ஓர் எண்ணம். 1965-இல் ஹோரோவிட்ஸ் மூட்டம் போடவில்லை. ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்கிறது, இருட்டில் நாலைந்து பேர் நடக்கும் காலடிகளை எண்ண முடிவதுபோல. எண்ண முடிகிறது என்பதால்தான் உள்ளே இருப்பது எத்தனை பேர் என்ற கேள்வி வருகிறது.

ஐந்தாம் நாள்

கார்னகி ஹால். 57-ஆம் தெரு, ஏழாவது அவென்யூ. 1891-இல் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியே வந்து இசைக்குழுவை நடத்தித் திறந்துவைத்த கட்டடம். 1960-இல் இடிக்கப் பார்த்தார்கள், வயலின் வித்வான் ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று காப்பாற்றினார். ஸ்க்ரியாபினும் 1906 டிசம்பரில் இங்கே வாசித்திருக்கிறார். பின்னாலேயே காதலி தத்யானா வந்து சேர, திருமணம் ஆகாதவர்கள் என்று பத்திரிகைகள் மோப்பம் பிடிக்க, 1907 மார்ச்சில் இருவரும் அவசரமாகக் கப்பலேறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே காரணத்துக்காக மாக்சிம் கார்க்கியை ஹோட்டலிலிருந்து வெளியேற்றியிருந்தது நியூயார்க். 1915 மார்ச் 20 அன்று ‘ப்ரொமீதியஸ்’ படைப்பை வண்ண ஒளியோடு முதன்முதலாக நடத்திக் காட்டியதும் இதே மேடைதான். எழுதியவர் அதைப் பார்க்கவில்லை. அடுத்த 38-ஆம் நாள் அவர் இல்லை.

டிக்கெட் வாசலில் நின்று, அந்த 1965 வரிசையை நினைத்துப் பார்த்தேன். டிக்கெட் விற்பனைக்கு முந்தைய இரவே இந்த நடைபாதையில் இடம் பிடித்துப் படுத்திருக்கிறார்கள். ஹோரோவிட்ஸின் மனைவி வாண்டா, பெரிய இசைக்குழுக்களை நடத்திய டோஸ்கானினியின் மகள், நிற்பவர்களுக்குக் காப்பி அனுப்பியிருக்கிறார். நம் மார்கழி சபா வாசலில் நின்றவர்களுக்கு இது புரியும்.

இன்றைக்கு நான் வாங்கியது இருப்பதிலேயே மலிவான டிக்கெட், உச்சி பால்கனி. நிகழ்ச்சி பிராம்ஸ் சிம்பொனி. என் நோக்கம் அது இல்லை. பால்கனிக்கு லிஃப்ட் கிடையாது. 137 படிகள் என்கிறார்கள். நான் 90 வரை எண்ணினேன், அப்புறம் முழங்கால் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

அரை மணி முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளையும் தங்கமும் கலந்த மண்டபம், ஏறக்குறைய 2,800 இருக்கைகள், கீழே கிணற்றடியில் தெரிவதுபோல மேடை. இயர்போனைச் செருகினேன். 1986-இல் மண்டபத்தைப் புதுப்பித்துவிட்டார்கள், ஆகவே அதே சுவர், அதே காற்று என்று உணர்ச்சிவசப்படுவதில் அர்த்தமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயனில்லை.

முதலில் அன்றைய முதல் உருப்படியின், பாக் எழுதிப் புஸோனி பியானோவுக்கு மாற்றியதன், தொடக்கத்தை மட்டும் கேட்டேன். பன்னிரண்டு ஆண்டு கழித்து உட்கார்ந்த மனிதர், தொடக்கத்திலேயே ஒரு தப்பான ஸ்வரத்தைத் தட்டிவிடுகிறார். 1965-இல் வெளிவந்த இசைத்தட்டில் சில சறுக்கல்களைத் திருத்தி ஒட்டியிருந்தார்கள். ஒட்டாத முழுப் பதிவு 2003-இல்தான் வந்தது. என் பழைய கேசட்டில் இருந்தது ஒட்டிய வடிவம். இரண்டையும் கேட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஒட்டிய வடிவத்தை எனக்கு இனி கேட்க முடியாது. இந்த மனிதருக்கு மேடை எவ்வளவு பயம் என்பது அந்தத் தப்பில்தான் இருக்கிறது. அந்தப் பயத்தோடு அடுத்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, தப்பிக்க வழியே இல்லாத இந்த ஸொனாட்டாவை எடுக்கிறார். எளிதான நூறு உருப்படிகள் அவர் கையில் இருந்தன.

ஸொனாட்டா தொடங்கியது. கீழே இன்றைய இசைக்குழுவினர் ஒவ்வொருவராக வந்து நாற்காலியைச் சரிசெய்தார்கள். என் காதில் அந்த இரண்டு குரல்கள் இறங்கின. 1965-இல் யாரோ ஒருவர் இருமினார். இங்கே எனக்கு நாலு வரிசை தள்ளி ஒருவர் இருமினார். எது எந்த இருமல் என்று தெரியவில்லை. இரண்டாவது மெட்டு வந்தது. இந்த முறையும் அதை நம்பினேன். முணுமுணுப்பு, நடுக்கம், தட்டல். மேடையில் ஒரு பெண் செல்லோவை மடியோடு சாய்த்துக்கொண்டு அருகிலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அணிவகுப்பு கிளம்பிவிட்டது, இடது கையின் மணியோசை ஏறிக்கொண்டே போகிறது—

தோளில் ஒரு கை. இருக்கை காட்டும் அம்மாள். இயர்போனைக் கழற்றச் சொல்லி மிகவும் அன்பாகச் சைகை காட்டினார். விளக்குகள் மங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். அவரும் விரலைக் காட்டினார், மேடையை நோக்கி. இசைக்குழுவை நடத்துபவர் வந்துகொண்டிருந்தார். அணிவகுப்பின் நடுவில் நிறுத்திவிட்டு பிராம்ஸ் கேட்டேன். நன்றாகத்தான் வாசித்தார்கள், நான்தான் அங்கே இல்லை.

இரவு 57-ஆம் தெரு நிலையத்தில் ரயில் ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். கொந்தளிப்பு முடிந்து, முதல் இரண்டு குரல்கள் திரும்பி வரும் இடம். ஒன்றும் நடக்காததுபோல அதே இறக்கம், அதே பழங்கதை. அவ்வளவு மெதுவாக வாசிக்கிறார் ஹோரோவிட்ஸ். சக்கரச் சத்தத்தில் ஒரு ஸ்வரமும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன். கேட்கவில்லை. எவ்வளவு கூடுமோ அவ்வளவுக்கும் கூட்டினேன். முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது 1965-இன் கைதட்டல் மொத்தமும் மண்டைக்குள் வெடித்தது. “அம்மா!” என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். எதிரில் உறங்கிக்கொண்டிருந்தவர் விழித்து, என்னைப் பார்த்து, தன் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.